கிட்ட வராதே!

குளியலறைக்குள் கணவன் மறுபடியும் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டதும் அவள் கதவருகே ஓடினாள். ஒற்றைக் கிட்னியோடு இருக்கிற மனுஷனுக்கு இப்படி வயிறு கெட்டால் என்ன ஆவது?

"ஏங்க, கதவைத் திறங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"கிட்ட வராதே! கடையில கண்டதையும் தின்னு தொத்து வியாதியை வாங்கிட்டு அனுபவிக்கிறேன். நீ கிளம்பி உங்க அம்மா வீட்டுக்குப் போ."

"இந்த நிலைமையில விட்டுட்டுப் போக நான் என்ன கல்லா?"

"சொன்னா கேளு, பிடிவாதக்காரி!"

அழுகையோடு அவள் கதவைத் தள்ளினாள். அவன் உள்ளேயிருந்து முதுகைக் கொடுத்துத் தடுத்தான்.

"வராதே தாயே, கெஞ்சிக் கேக்கறேன்!" அவன் கதவை இன்னும் அழுத்திப் பிடித்தான். "என்கிட்ட மிச்சம் இருக்கிற கிட்னி எப்படியும் தாக்குப் பிடிச்சுக்கும்டி. இந்த நோய் உனக்கும் ஒட்டிக்கிட்டா, நான் உனக்குக் குடுத்தது தாங்குமா?"