நேற்று விட்ட இடம்

எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மிருதுளா, பால் பாயசம் கொடுக்கப் போனவள் வசமாக மாட்டிக்கொண்டாள். வசுமதி மாமி அவளை சோபாவில் உட்கார்த்திவிட்டு டிவியைப் போட்டாள். எடுத்த எடுப்பிலேயே ராணி வாளை உருவிக்கொண்டு குதிரையில் பாய்ந்தாள்.

"என்ன மாமி, படத்தை நடுவுலேர்ந்து போடறீங்க?"

"நேத்து இதுவரைக்கும்தான் ஓடியிருக்கு."

"ராணி யாரோட சண்டை போடறா?"

"தெரியலையேம்மா."

"முதுகுல கட்டியிருக்கற குழந்தை அவளோடதா?"

"இருக்கும்."

பாவம், மாமி பார்த்துக்கொண்டே தூங்கிப்போயிருப்பாள் என்று மிருதுளா நினைத்துக்கொண்டாள்.

கோட்டைக் கதவு உடைந்தது. சட்டென்று மாமி ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் ஓட்டி, ராணி வாளை உருவும் இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஐயோ, ஏன் மாமி?"

"அவன் விட்ட இடத்துலயே இருக்கணும். இல்லேன்னா நான் பாக்கறது பத்ரிக்குத் தெரிஞ்சுடும்."

"உங்க பையனா?"

"ஆமா. இந்தப் படமெல்லாம் அவன் அக்கவுண்ட்லதான் ஓடறது. ஒருநாள் படத்துக்கு அடியில இருக்கற கோடு நகர்ந்திருந்தா, வேளையோட வீட்டுக்கு வந்திருக்கான், உடம்பும் நன்னா இருக்குன்னு அர்த்தம்."

"எங்கே, அமெரிக்காவுலயா?"

"நாவலூர்ல."

"இதோ இருக்கற நாவலூரா? ஒரு போன் போட்டுக் கேட்கலாமே மாமி!"

"கல்யாணப் பேச்சுல கோவிச்சுண்டு போனவன், என் நம்பரை பிளாக் பண்ணிட்டான்."

மாமி டிவியை அணைத்தாள்.

"பாஸ்வேர்டை மட்டும் இன்னும் மாத்தலை."