பதினைந்தாவது ஆள்

"பேப்பர்ல பதினாலுன்னுதான் இருக்கு. மூணு தடவை எண்ணிட்டேன், பதினஞ்சு பேர் நிக்கிறாங்க," என்றாள் ரிம்மா, கோட்டை வாசலில் இருந்த டிக்கெட் ஜன்னலுக்குள் தலையை நீட்டி.

உள்ளே இருந்த ல்யூபா சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிவிட்டு, "அப்போ அந்த ஒருத்தர்தான் உனக்கு மார்க் போட வந்தவரு. போ, சிரிச்ச முகமா போ," என்றாள்.

ரிம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வழிகாட்டி வேலைக்கான எழுத்துத் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாவதில் தட்டுத்தடுமாறித் தேறியவள் அவள். இன்று கடைசித் தேர்வு. யாரோஸ்லாவ்லிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு கூட்டத்துக்கு உக்லிச் நகரைச் சுற்றிக் காட்ட வேண்டும். தேர்வுக்குழு அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கலந்து வரும். யாரென்று முன்கூட்டிச் சொல்லாது. தேறினால் அடுத்த வாரம் வோல்கா ஆற்றில் வரத் தொடங்கும் கப்பல் பயணிகளோடு வேலை. தவறினால் மறுபடியும் அண்ணன் வீட்டுச் சமையலறையில் மடக்குக் கட்டில், அண்ணியின் பெருமூச்சு.

பதினைந்தாவது ஆளைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் மற்றவர்களோடு ஒட்டாமல் இரண்டடி தள்ளி நின்றார். கையில் நோட்டு. அவள் வாயைத் திறந்ததும் எழுதினார். எழுதி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். ரிம்மா அவர் பக்கமே திரும்பி நின்று பேசினாள்.

சிவப்புத் தேவாலயத்தின் வாசலிலேயே முதல் தொல்லை. பெண்கள் தலையை மூடாமல் உள்ளே போகக் கூடாது; செம்பட்டை முடிக்காரி ஒருத்தி தலையில் துணி போட மாட்டேன் என்று நின்றாள். ரிம்மா வாதாடவில்லை, தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவளிடம் கொடுத்துவிட்டு, தன் தலைக்குக் கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஓரக்கண்ணால் பார்த்தால், சாம்பல் கோட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

உள்ளே கூட்டத்தைப் பழைய மணியின் முன் நிறுத்திச் சொன்னாள்.

"இந்தக் கோட்டைல இருந்த குட்டி இளவரசன் செத்த அன்னைக்கு ஊரைக் கூட்டினது இந்த மணிதான். அதுக்குத் தண்டனையா இதைச் சாட்டையால அடிச்சு, நாக்கை அறுத்து, சைபீரியாவுக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வர முந்நூறு வருஷம் ஆச்சு."

"மணிக்கே இந்தக் கதின்னா, காலையிலேருந்து பேசிக்கிட்டே இருக்கிற உன் கதி என்னம்மா?" என்றாள் கபித்தலீனா என்ற கிழவி. வந்ததிலிருந்து மூன்று முறை கழிப்பறை எங்கே என்று கேட்டவள் அவள்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். சாம்பல் கோட்டு மட்டும் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்து, கூரையில் தீட்டியிருந்த ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற பதினான்கு பேரில் ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை. 'தெரியாதவர் மாதிரி என்னமாய் நடிக்கிறார்' என்று நினைத்துக்கொண்டாள் ரிம்மா.

அரண்மனைப் படிக்கட்டில் ஐந்தாவது படி தேய்ந்திருக்கும், பார்த்து ஏறுங்கள் என்று அவள் எச்சரிக்க வாயெடுப்பதற்குள் கூட்டம் அந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டது. சாம்பல் கோட்டுக்குத்தான் கால் வழுக்கியது. உள்ளே மரத்தரை கீறாமலிருக்கக் காலணிக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்ட வேண்டும். மற்றவர்கள் குனிந்துகூடப் பார்க்காமல் நாடாவை முடிந்துவிட்டார்கள். அவரோ இரண்டு செருப்பையும் மாற்றி மாற்றிப் போட்டு விழித்தார். இதுவும் சோதனைதான் என்று ரிம்மா மண்டியிட்டு அவருக்கு நாடா கட்டிவிட்டாள். அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

இளவரசனின் தொட்டிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, செம்பட்டை முடிக்காரி இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வந்துவிட்டதாகவும், உடனே ஊருக்குப் போகவேண்டும் என்றும் ஆரம்பித்தாள். ரிம்மா பக்கத்து வீட்டுக்காரர் எண்ணை அவளிடம் கேட்டு, தன் போனையே கையில் கொடுத்து, அறை மூலையில் உட்காரவைத்தாள். மற்றவர்களுக்கு விட்ட இடத்திலிருந்து சொன்னாள். நடுவில் ஒரு வருடத்தை மாற்றிச் சொல்லி, பிறகு திருத்தினாள். சாம்பல் கோட்டு அதையும் எழுதியதைப் பார்த்ததும், மடக்குக் கட்டிலின் கிறீச்சொலி காதில் கேட்டது.

கோட்டை வாசலுக்குத் திரும்பியபோது அவள் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. சாம்பல் கோட்டு நேராக அவளிடம் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. நான் உங்க கூட்டத்து ஆளே இல்ல. ரிபின்ஸ்க் ஊருக்குப் போற பஸ் எங்க நிக்கும்னு கேக்கத்தான் வந்தேன். நீங்க பேச ஆரம்பிச்சீங்க, நின்னுட்டேன். வீட்ல போய்ச் சொல்லலாம்னு எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன். பன்னிரண்டு மணி பஸ்ஸையும் விட்டுட்டேன்."

இவர் இல்லையென்றால் யார்? இவ்வளவு நேரம் இவர் முகத்தையே பார்த்துப் பேசியாயிற்று. மற்றவர்கள் முகம் ஒன்றுகூட நினைவில்லை. மெதுவாகத் திரும்பினாள்.

பதினான்கு பேரும் பைக்குள்ளிருந்து ஆளுக்கொரு நீல மதிப்பெண் தாளை எடுத்துப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். செம்பட்டை முடிக்காரி கழுத்துத் துணியை மடித்து அவள் கையில் வைத்தாள்.

"நாங்க எல்லாருமே இருவது முப்பது வருஷமா யாரோஸ்லாவ்லிலேருந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து இதே கோட்டையைச் சுத்திக் காட்டுறவங்க, ரிம்மா லவோவ்னா," என்றாள் கபித்தலீனா, முதல் முறையாக அவளை மரியாதையாகத் தந்தை பெயரோடு அழைத்து. "நிஜமா இந்த ஊர் தெரியாம வந்தவர் இவர் ஒருத்தர்தான். அவரே உங்க பேச்சைக் கேட்டு பஸ்ஸை விட்டுட்டாரு, இனி நாங்க எந்தக் கையால உங்களை ஃபெயில் போடறது?"