கம்பத்தில் சிக்கிய பாய்

படகின் பாய்மரக் கம்பத்துக்குள் சுருண்டு போகவேண்டிய பாய், பாதியில் மடிந்து கம்பத்தின் பிளவில் சிக்கி நிற்கிறது. துறைமுக வாய் குறுகல். இந்த வேகத்தில் நுழைந்தால் படகு பாறையில்தான் மோதும். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சுருட்டும் கயிற்றை இன்னும் இறுக்குகிறான். "இழுக்க இழுக்க இறுகுது. பாயைக் கொஞ்சம் வெளிய விடுங்க," என்கிறாள் சுக்கான் பிடித்திருக்கும் அண்ணி. "விட்டா வேகம் கூடும். பாறை கண்ணுக்குத் தெரியலையா?" "உங்களைவிட நல்லாவே தெரியுது. முன்னாடி பார்த்துட்டு நிக்கிறது நான்தானே." அவன் கயிற்றைத் தளர்த்துகிறான். பாய் படபடவென வெளியே வருகிறது. படகு சாய்ந்து பாய்கிறது. பாறையில் அலை அறையும் சத்தம் நெருங்குகிறது. மடிப்பு மெல்லப் பிரிகிறது. "இப்ப இழுங்க." வெள்ளைத் துணி வழுக்கிக்கொண்டு உள்ளே போக, படகு வேகம் தளர்ந்து துறைமுக வாய்க்குள் நுழைகிறது. அண்ணனின் விரல்கள் இன்னும் கயிற்றைவிட்டுப் பிரியவில்லை. அண்ணி திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள்: "மூச்சு விடலாம்."