ஸ்டெப்னியின் எலுமிச்சம்பழம்

சொல்ல வந்ததைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஸ்டெப்னிக்கு ஒரே கவலை. ஒருநாள்கூட ரோட்டில் ஓடாமல், வருஷக்கணக்காக வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த மாற்று டயர் அது.

மறுநாள் குடும்பமே மலைக்குப் புறப்படுகிறது. டயர் கடையில், தேய்ந்த நாலையும் கழற்றிப் போட்டார்கள்.

"ஸ்டெப்னி புதுசாட்டம் இருக்கே! அதை மாட்டிட்டு மூணு வாங்கினாப் போதும்," என்றாள் வண்டிக்காரி பூங்கோதை.

"யோகம்தான் அக்கா! நீயும் எலுமிச்சம்பழம் நசுக்கப் போறே," என்றது வழுக்கையாகிக் கிடந்த முன் டயர்.

"ஆசைதான்டா. ஆனா வெயில்ல தொங்கியே உள்ளுக்குள்ள வெடிப்பு விட்டுப்போச்சு. மலையில பிள்ளைங்களோட போறப்ப வெடிச்சா? இதை எப்படிச் சொல்றது?"

"நம்ம பேச்சு மனுஷங்க காதுல என்னிக்கு விழுந்திருக்கு?"

ஸ்டெப்னியை மாட்டினார்கள். பூங்கோதை அதன் முன்னால் மஞ்சள் மஞ்சேரென்று ஒரு பழத்தை வைத்தாள். ஸ்டெப்னி அதை ஆசைதீரப் பார்த்தது. பிறகு, இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் கடையே திரும்பிப் பார்க்கும்படி புஸ்ஸென்று விட்டது.

"ஐயோ, நல்லவேளை இங்கேயே போச்சு! அண்ணே, ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சும் புதுசே போடுங்க," என்றாள் பூங்கோதை.

புது டயர் ஏறியதும் பழம் நசுங்கி, சுவரோரம் சாய்ந்திருந்த பழைய ஸ்டெப்னியின்மேல் சாறு தெறித்தது.

"டேய் வழுக்கை, பாத்தியா? எனக்கும் கிடைச்சிடுச்சு!"