திரும்பிப் பார்க்காத ஆள்

“அந்த ஆளுக்கு மூஞ்சியில இருக்கறது கண்ணா, கோலிக்குண்டா மேடம்?”

கேட்ட வேகத்தில் அவர் மேசையில் ஓங்கித் தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் அது விசாரணை அதிகாரியின் மேசை என்று உறைத்தது. கையை மெல்ல எடுத்து, சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார்.

அதிகாரி அம்மாள் இந்த நகராட்சிக்கு மாற்றலாகி வந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. யாரையும் அதட்ட இன்னும் மனசு வரவில்லை.

“நிதானமா சொல்லுங்க. வண்டி நிறுத்தக் கூடாத இடத்துலதானே உங்க கார் நின்னுது?”

“நின்னுது. இல்லைங்கல. அப்போ வாங்கி நாலே நாள் ஆகியிருந்த பழைய கார். அன்னிக்கு ஓட்டிட்டுப் போனது என் மனைவி. எங்கம்மாவை மூட்டு டாக்டர்கிட்ட காட்ட. நான்தான் கூட்டிட்டுப் போயிருக்கணும். வேலை இருக்குன்னு இவ தலையில கட்டிட்டேன்.”

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அபராதச் சீட்டு வந்து ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வீட்டில் அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்தது. பேச்சுதான் கிடைக்கவில்லை. “கார் உங்க பேர்ல இருக்கு. நீங்களே போய்ப் பேசுங்க. நான் வேடிக்கை பார்க்க வரேன்” என்று இன்று காலையில்தான் முதல்முதலாக வாயைத் திறந்திருந்தாள்.

“கார் நிறுத்தற இடம் ரெண்டு தெரு தள்ளி, மேடம். அம்மாவால பத்தடி நடக்க முடியாது. அதனால ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்தி, அம்மாவைப் படியில உட்கார வெச்சுட்டு, இவ வீல்சேர் எடுக்க உள்ள ஓடியிருக்கா. மொத்தம் மூணு நிமிஷம். அதுக்குள்ள வந்துட்டார் நம்ம மகாராஜா.”

“யாரு?”

“சீட்டு எழுதற ஆய்வாளர். காரைப் பார்க்கல. படியில முழங்காலைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கற மனுஷியைப் பார்க்கல. நம்பரை மட்டும் பார்த்தார். எழுதினார். வைப்பர்ல சொருகினார். போயிட்டே இருந்தார். ஏதோ உலகத்தையே ஒழுங்குபடுத்திட்ட மாதிரி ஒரு நடை!”

மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் திடீரென்று இருமினார். இருமல் அடங்க வெகு நேரமாயிற்று. ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

“உங்கம்மா அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?” என்றார் அதிகாரி.

“கூப்பிட்டாங்களே! கண்ணா, கண்ணான்னு கையைத் தட்டிக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கல.”

அதிகாரியின் பேனா நின்றது. “வயசானவங்க இவ்வளவு பிரியமா கூப்பிட்டுமா?”

“அதான் மேடம். வீட்டுக்கு வந்து அம்மா இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. ‘பாவம், வேலை அவசரம்’னு அந்த ஆளுக்கு வக்காலத்து வேற. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.”

வீட்டில் நாலு தடவை ஒத்திகை பார்த்தபோது இந்த இடத்தில் அவர் குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. இப்போது பூனைக்குட்டி கத்துவதுபோல் வந்தது. மனைவி சுவரிலிருந்து பார்வையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“அந்த ஆய்வாளரை உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“நல்லாவே தெரியும். பத்தொன்பது வருஷமா இதே வேலை. யார் பின்னால கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். திரும்பினா கெஞ்சுவாங்களாம், கெஞ்சினா மனசு இளகிடுமாம். அதைப் பெரிய நேர்மைன்னு நினைச்சுக்கிட்டு ஊரெல்லாம் பெருமையடிச்சுக்குவார். சரியான மரமண்டை!”

“சொந்தப் பகை ஏதாவது இருக்கா?”

“இந்த ஒன்பது நாளா இருக்கு, மேடம்.”

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதங்களைப் புரட்டினார். “சரி, மருத்துவமனைச் சீட்டு இருக்கு. நேரமும் ஒத்துப்போகுது. ஆனா ஒரு தரப்பை மட்டும் கேட்டு நான் ரத்து பண்ண முடியாது. அபராதம் போட்டவரையும் ஒரு வார்த்தை கேட்கணும். அவர் வந்திருக்காரா?”

“வந்திருக்கார் மேடம்” என்றார் எழுத்தர், ஃபைலுக்குப் பின்னாலிருந்து.

“கூப்பிடுங்க.”

எழுத்தர் எழுந்து நின்று, முகத்தை இயன்றவரை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “அபராதம் விதித்த ஆய்வாளர்!” என்று உரக்கக் கூப்பிட்டார்.

அதுவரை கத்திக்கொண்டிருந்தவர் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், எதிர்ப்பக்கம் காலியாகக் கிடந்த நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

“எனக்கு முன்னால பேசினவர் சொன்னது அத்தனையும் உண்மைதான், மேடம்.”