மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேத்தண்ணி

சோடா ஏஜென்ட் வீட்டுக் கல்யாணத்தில் சோடா இல்லை!

மாப்பிள்ளை வீட்டார் நிந்தவூரிலிருந்து பஸ் பிடித்து கல்முனைக்கு வந்து, பந்தலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வந்தது தேத்தண்ணி. அதுவும் பால் விடாத வெறுந்தேத்தண்ணி.

நிந்தவூரில் எந்த மாப்பிள்ளை புறப்பட்டாலும் முன்னால் நடப்பவர் முனாப். அவர் கிளாஸைத் தொடவேயில்லை.

"என்ன அப்துல் ஸமட் ஹாஜியார், இது கல்யாண வீடா, மௌத்து வீடா?"

பந்தல் சிரித்தது.

"கல்யாண வீடுதான். குடிங்க காக்கா."

"ஸ்டோர் நிறையச் சோடாவ வெச்சிக்கிட்டு எங்களுக்குத் தேத்தண்ணியா? வரி ஏறினதோட சோடா ஏஜென்டுக்கே சோடா கசக்குதோ?"

மறுபடியும் சிரிப்பு. பெண்ணின் வாப்பா அப்துல் ஸமட் மட்டும் சிரிக்கவில்லை.

வரி ஏறியது உண்மைதான். போன வருச பட்ஜெட்டில் சோடாவுக்கு வரியைக் கூட்டினார்கள். மறுநாளே போத்தல் விலை ஏறியது. கடைகளில் விற்பனை படுத்துவிட்டது. வயல் வேலைக்காரர்கள் தேத்தண்ணிக்கு மாறினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐஸ்பழத்துக்கு. கல்யாண வீடுகளில் மட்டும் ஒரு போத்தல்கூடக் குறையவில்லை. அங்கே யார் தாகத்துக்குக் குடிக்கிறார்கள்? கூரை ஒழுகினாலும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆளுக்கொரு சோடா உடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மரியாதை போச்சு.

அப்படிப்பட்ட ஊரில் சோடா ஏஜென்டே கையை இறுக்கினால் கஞ்சன் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

முனாப் எழுந்தார். சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"நிக்காஹ் இன்னும் முடியல்ல ஹாஜியார். சோடா வந்தா இரிப்பம். வராட்டி மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருவம்."

சிரிப்பு நின்றது. உள்ளே மணப்பெண் சுல்பிகா அழுவது பந்தல் வரைக்கும் கேட்டது. அவளுடைய உம்மா சல்மா கதவோரம் ஓடிவந்தாள்.

"அல்லாஹ்வுக்காக ஸ்டோர்ச் சாவியத் தாங்க! பிள்ளைட வாழ்க்கைய நாசமாக்காதீங்க!"

"தரமாட்டன்."

"காசுக்காகவா இந்தப் பிடிவாதம்?"

"காசுக்கில்ல." அப்துல் ஸமட் மனைவி பக்கம் திரும்பினார். "கரைவலை இழுக்கிற பக்கீர் முகைதீன்ட மகள் றபீக்காவ மறந்திட்டீங்களா? வரி வந்த கிழமதான் அவளுக்குக் கல்யாணம். 'பழைய விலைக்குத் தாங்க ஹாஜியார்' எண்டு அவர் என்ட ஸ்டோர் வாசல்ல நிண்டு கெஞ்சினார். வரிக்கு முந்தி வாங்கின சோடா உள்ளுக்கு அடுக்கி இரிந்திச்சி. நான் புது விலைதான் சொன்னன். அவருக்கு வாங்க ஏலல்ல. தேத்தண்ணி குடுத்தார்."

பிறகு நடந்தது கல்முனைக்கே தெரியும். நிந்தவூரிலிருந்து வந்திருந்த றபீக்காவின் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். பந்தலில் விட்டுப்போன பெண்ணை யாரும் கேட்டு வரவில்லை. றபீக்கா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வருசம் திரும்புவதற்குள் அவள் மௌத்தான செய்திதான் வந்தது. மையித்தையும் அங்கேயே அடக்கிவிட்டார்களாம். பாவி மக்கள், ஒரு போத்தல் சோடாவுக்காக ஒரு பெண்ணைத் தின்றுவிட்டோம்.

"சோடா ஏஜென்ட் ஊட்டுலயே தேத்தண்ணிதான் எண்டா, நாளைக்கு ஒரு ஏழை தேத்தண்ணி குடுத்தா எவனும் வாய் திறக்க ஏலாது" என்றார் அப்துல் ஸமட். "இதுக்காக என்ட மகள்ட கல்யாணம் நிண்டா நிக்கட்டும்."

மாப்பிள்ளை அபுல் ஹஸன் கை நீட்டி ஒரு கிளாஸை எடுத்தான். ஒரே மூச்சில் குடித்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"ஆரு மாமா அவங்க? சோடாவுக்காக எழும்பிப் போனவங்க மனிசரா?"

அப்துல் ஸமட் அவனைத் தாண்டிப் போனார். நின்றுகொண்டிருந்த முனாப்பின் கையைப் பிடித்தார்.

"இரிங்க காக்கா. அண்டைக்கும் முதல்ல எழும்பினது நீங்கதானே."