ஓட்டிக்கொண்டே தொழுகிறவன்

கணவாயின் உச்சியைத் தாண்டிக் கார் இறங்க ஆரம்பித்ததும், டிரைவர் மெலிஸின் உதடுகள் அசையத் தொடங்கின.

முன் சீட்டில் இருந்த புருல்கான் ஓரக்கண்ணால் பிடித்துவிட்டாள். அவள் சந்தேகப்படாத மனிதன் கிர்கிஸ்தானில் இன்னும் பிறக்கவில்லை. சந்தைக்குப் போனால் தர்பூசணியை மட்டுமல்ல, தராசையும் தூக்கி எடைபோட்டுப் பார்க்கிறவள்.

பின் சீட்டு ஆட்கள் பிஷ்கெக்கைத் தாண்டும் முன்பே வாயைப் பிளந்து தூங்கிவிட்டார்கள். விழித்திருப்பது அவள் தலையெழுத்து.

முணுமுணுப்பு. இடையிடையே அல்லாஹ்வின் பெயர். தலை ஸ்டியரிங்கை நோக்கி லேசாகக் குனிகிறது, நிமிர்கிறது.

தொழுகிறானாம்.

மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் என்று முதலெழுத்துகளைக் கோத்துத் தகப்பன் பேர் வைத்த பிள்ளை. கிளம்பும்போது வாயில் சிகரெட். இவனுக்குத் திடீரென்று என்ன பக்தி?

அதுவும் எப்படி? கை கால் கழுவவில்லை. மண்டி போடவில்லை. மெக்கா எந்தப் பக்கம் என்ற கவலையே இல்லை. பாதை திரும்புகிற பக்கமெல்லாம் இவன் முகமும் திரும்புகிறது. மெத்தை சீட்டில் சாய்ந்தபடி சொர்க்கத்துக்கு டிக்கெட்.

அவன் காலைப் பார்த்தாள். அது தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டுக்கும் தொழுகைக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம்.

எஞ்சின் வேறு, கியரை இறக்க இறக்க, பிரசவ வலி வந்த ஒட்டகம்போல் கத்தியது. குதிரைப்பால் விற்கும் கூடாரத்தில் நிறுத்துகிறேன் என்று சத்தியம் செய்தவன், கூடாரம் வந்ததும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு கடையில் கமிஷன் வாங்கியிருப்பான்.

ஹாரனை அழுத்தியபடியே ஓர் ஆட்டு மந்தையைப் பிளந்துகொண்டு போனான். மேய்ப்பன் குதிரையோடு பாறைமேல் ஏறிவிட்டான். அவன் திட்டியதில் பாதி புருல்கானுக்கே புதிது.

அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். பயலுக்குத் தூக்கம் சொக்குகிறது. அதை மறைக்கத்தான் இந்த வேஷம்.

வலப்பக்கம் பள்ளம். மேகங்களே கீழேதான் மேய்ந்துகொண்டிருந்தன. தலாஸில் நாளை மகளுக்குக் கல்யாணம். அங்கே பிணமாகப் போய் இறங்க அவளுக்கு நேரமில்லை.

"தம்பி, அல்லாவ கூப்பிடணும்னா மரியாதையா வண்டிய ஓரங்கட்டு. இறங்கி, மண்டி போட்டு, நல்லபடியா கூப்பிடு. நாங்க காத்திருக்கோம்."

மெலிஸ் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெற்றியில் வழிந்த வியர்வையையும் துடைக்கவில்லை.

"நிக்கிற வண்டியா இருந்தா நான் எதுக்குக்கா அவனக் கூப்பிடப் போறேன்?" என்றான், பின் சீட்டுக்குக் கேட்காத குரலில்.

அவன் கால் மறுபடி மிதித்தது. பிரேக் தரைவரை போய்த் தொட்டது. கார் கண்டுகொள்ளவில்லை.

ஒரு வளைவு வந்தது. போயிற்று. அடுத்தது தெரிந்தது.

புருல்கான், பெல்ட்டுக்குள் இருந்தபடியே, இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்தாள். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

"முதல் வரி என்ன, தம்பி? நீ சொல்லிக்கிட்டே ஓட்டு."